ஓடாத கோப்பு: மீஞ்சூர் ஒன்றியத்து வீட்டுக் கணினிகளை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

பழவேற்காட்டைப் பற்றி அறிஞர்கள் எழுதியது கொஞ்சநஞ்சமல்ல. 1613-இல் டச்சுக்காரர்கள் எழுப்பிய கெல்டிரியா கோட்டை, எலும்புக்கூடு செதுக்கிய கல்லறைத் தோட்டம், ஏரியில் முறைவைத்து வலை கட்டும் ‘பாடு’, பூநாரை என்று எதையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் அதே ஊர் வீடுகளில் “படம் ஓட மாட்டேங்குதே” என்று அடிக்கடி எழும் குரலை ஆராய்ச்சி உலகம் காதில் வாங்கவே இல்லை. அக்குறை இங்கே நீங்குகிறது. ஆய்வுக்களம் அத்திப்பட்டு தொடங்கிப் பழவேற்காடு வரை. நிதிநல்கை ஏதுமில்லை, சில வீடுகளில் டீ கிடைத்தது.

முதலில் இலக்கணம். கணினியில் இருப்பதாகப் பெயர் காட்டியும், இரட்டைச் சொடுக்குக்கு மசியாத படமோ பாட்டோ ‘ஓடாத கோப்பு’ எனப்படும். படம் வந்து சத்தம் வராதது, சத்தம் வந்து படம் வராதது, இரண்டும் வராதது என இது மூவகை. நான்காவதாக ஒன்றுண்டு: எல்லாம் ஒழுங்காக ஓடி, தாலி கட்டும் நேரத்தில் உறைந்து நிற்பது. குடும்ப அமைதிக்கு அதிகக் கேடு விளைவிப்பது இதுவே. பந்தி பரிமாறும் காட்சியில் உறைந்த கோப்பைப் பற்றி இதுவரை யாரும் புகார் தந்ததாகத் தெரியவில்லை.

சிகிச்சை மரபுகளும் பல. மறுதொடக்க மரபினர் கணினியை அணைத்துப் போடுவர். பெயர்மாற்று மரபினர் கோப்பின் வாலில் உள்ள மூன்றெழுத்தை மாற்றுவர். துடைப்பு மரபினர் சிடியை லுங்கி நுனியால் வட்டமாகத் துடைப்பர். முற்றிய நிலையில் பற்பசையும் உண்டு. மருமகன் மரபினர் எதையும் தொடாமல், சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கும் மருமகன் ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று காத்திருப்பர். நான்கும் சில நேரம் பலிக்கின்றன. ஏன் பலிக்கின்றன என்பதை மட்டும் எந்த மரபும் சொல்வதில்லை.

காரணம் அறிய ஓலைச்சுவடியை நினைத்துக்கொள்வது நல்லது. சுவடிக்கட்டு ஒன்று, அதிலுள்ள எழுத்து வேறொன்று. ஒரே மாதிரி கயிறு சுற்றிய இரண்டு கட்டுகளில் ஒன்று தமிழாகவும் மற்றது கிரந்தமாகவும் இருக்கலாம். எம்பி4, ஏவிஐ, எம்கேவி என்பவை கட்டின் பெயர்கள். உள்ளே படத்தைச் சுருக்கி எழுதிய முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். கட்டை அவிழ்க்கத் தெரிந்த கணினிக்கு எழுத்து தெரியாமல் போனால் சத்தம் வரும், படம் வராது. பெயர்மாற்று மரபினர் செய்வது கட்டின் மேல் வேறு சீட்டு ஒட்டும் வேலை. சீட்டு தவறாக இருந்திருந்தால் குணம் தெரியும். எழுத்து புரியாத இடத்தில் நூறு சீட்டு ஒட்டினாலும் நடக்காது.

சீட்டு மாற்றிப் பிழைக்கும் இனத்துக்குச் சிறந்த சான்று, பரணில் கிடக்கும் கல்யாண விசிடி. 1993-இல் வகுத்த அந்த முறைப்படி ஒரு தட்டில் ஏறக்குறைய 74 நிமிடமே அடங்கும். பெண் அழைப்பு ஒரு தட்டிலும் முகூர்த்தம் இன்னொன்றிலும் போனதற்கு வீடியோக்காரர் மேல் பழி போடுவது நியாயமில்லை. தட்டைத் திறந்தால் ‘எம்பெக்ஏவி’ என்ற ஃபோல்டருக்குள் ‘டாட்’ என்று முடியும் கோப்பு இருக்கும். உள்ளே இருப்பது சாதாரண எம்பெக் படம்தான். கணினிக்கு நகலெடுத்து, வாலை ‘எம்பிஜி’ என்று மாற்றினால் பெரும்பாலும் ஓடிவிடும்.

நகலெடுப்பதில்தான் சிக்கல். விசிடியில் அதிக நேரப் படத்தைத் திணிப்பதற்காக, பிழை திருத்தும் கூடுதல் ஏற்பாட்டை விட்டுவிட்டார்கள். பழைய பிளேயர் ஒரு கீறலைக் கண்டால் இரண்டு கட்டம் கலங்கிய படத்தைக் காட்டிவிட்டு மேலே போகும். கணினி அப்படி விட்டுக்கொடுக்காது. அந்தப் புள்ளியிலேயே நகலெடுப்பை நிறுத்திவிடும். துடைப்பு மரபினர் கொள்கையில் சரி, திசையில் தவறு. தகவல் தடம் நடுவிலிருந்து சுருளாக வெளியே போகிறது. வட்டமாகத் துடைத்து விழுந்த கீறல் ஒரே தடத்தை நெடுந்தூரம் கெடுக்கும். நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோட்டில் துடைத்தால் கீறல் விழுந்தாலும் தடங்களைக் குறுக்கே வெட்டும். அது தாங்கக்கூடிய சேதம்.

இனி அயலூர்ச் சுவடி. துபாயில் இருக்கும் தம்பி ஐபோனில் எடுத்த பிள்ளையின் பிறந்தநாள் படத்தைப் பென்டிரைவில் கொடுத்துவிட்டுப் போகிறார். மீஞ்சூர் வீட்டுக் கணினி அதைக் கண்டதும் திரையில் ஒரு மந்திரம் எழுதுகிறது. “என்னவோ நம்பரு போட்டிருக்கு தம்பி, எழுதிக்கோ” என்று அண்ணி போனில் ஓதுகிறார்: பூஜ்யம், எக்ஸ், சி, பூஜ்யம், பூஜ்யம், டி, ஐந்து, இரண்டு, ஒன்று, இரண்டு. இத்தனைக்கும் பொருள் ஒன்றே: இந்த எழுத்து எனக்குத் தெரியாது. 2013-இல் வந்த ஹெச்இவிசி என்ற சுருக்குமுறையை ஐபோன்கள் 2017 முதல் கையாள்கின்றன. முந்தைய முறையைவிடக் கிட்டத்தட்டப் பாதி இடம் போதும். விண்டோஸ் பல கணினிகளில் அதைப் படிக்கத் தனியாகச் சிறு தொகை கேட்கிறது. காசு கொடுக்க மனமில்லாதவர்களுக்கு விஎல்சி என்ற பிளேயர் இருக்கிறது.

விஎல்சியின் வரலாறு தனி ஆய்வுக்குரியது. 1996-இல் பாரிஸ் மாணவர்கள் தொடங்கி, 2001-இல் கட்டற்ற மென்பொருளாக உலகுக்கு விட்டது. கோடெக்குகளைத் தன்னுடனேயே சுமந்து வருவதால் விண்டோஸின் தயவு அதற்கு வேண்டியதில்லை. 2022-இல் பல மாதங்கள் அதன் இணையதளம் இந்தியாவில் முடக்கப்பட்டிருந்தது. நவம்பரில் மீண்டும் திறந்தது. அதன் சின்னம் சாலையில் வைக்கும் ஆரஞ்சு நிறக் கூம்பு. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை முடியும் ஊர்க்காரர்களுக்குக் கூம்பு புதிதல்ல. சாலையில் அது நின்றால் எல்லாம் நிற்கும், கணினியில் அது வந்தால் எல்லாம் ஓடும் என்ற முரண்பாட்டை மட்டும் இவ்வாய்வால் தீர்க்க இயலவில்லை. “இந்தப் படம் பார்க்க இந்தக் கோடெக்கை இறக்குங்கள்” என்று படமே கேட்டால் அது வைரஸ். அந்த விஷயத்தில் ஆராய்ச்சிக்கு இடமில்லை.

கூம்புக்கும் அடங்காத வியாதி ஒன்றுண்டு. 2023 ஜூலை 14, பிற்பகல் 2.35. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-3 கிளம்புகிறது. ராக்கெட் ஏவும் நாளில் மீனவர்கள் கடலுக்குப் போகக்கூடாது என்பது வழக்கம். ஆகவே படகு கரையில், போன் கையில். நெருப்பு எழும்புகிறது, “தோ பார்றா, தோ பார்றா” என்று பக்கத்தில் யாரோ கத்துகிறார், பேட்டரி தீர்ந்து போன் அணைகிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் கோப்பு இருக்கிறது, அளவும் பெரிதாக இருக்கிறது, ஓடத்தான் இல்லை. பல போன்கள் எந்தக் காட்சி எங்கே கிடக்கிறது என்ற அட்டவணையை, நிறுத்தும் பொத்தானை அழுத்திய பிறகே எழுதி முடிக்கின்றன. ராக்கெட் கோப்புக்குள்தான் இருக்கிறது. ஏட்டு எண்ணில்லாத சுவடி போல வரிசை தெரியாமல் கிடக்கிறது.

இங்கே உ.வே.சா. வழிதான் வழி. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் முன் அவர் பல பிரதிகளைத் தேடி ஒப்பிட்டார் அல்லவா? அதே போனில், அதே அமைப்பில் எடுத்த நல்ல படம் ஒன்றைத் துணைப்பிரதியாகக் கொடுத்தால், ‘அன்டிரங்க்’ என்ற இலவச மென்பொருள் அதைப் பார்த்து உடைந்த கோப்பின் அட்டவணையை ஊகித்து எழுதித் தரும். எல்லா முறையும் பலிக்காது. ஆனால் மூல ஏடு கையில் இருக்கும்வரை முயன்று பார்க்கலாம்.

மூல ஏட்டை அழிப்பவர்கள் நாம்தான். ஓடவில்லை என்றதும் எரிச்சலில் டெலீட் அடிக்கிறோம். அடுத்த நிமிடம் அதே மெமரி கார்டில் இறால் கூடையைப் படமெடுத்து, மிச்சமிருந்ததையும் மூடிவிடுகிறோம். ஓடாத கோப்பை அழிக்காதீர்கள். முதலில் நகலெடுங்கள், வைத்தியம் நகலுக்கு நடக்கட்டும். பரணில் விசிடி வைத்திருப்பவர்கள் இந்த மாதமே இறக்கிக் கணினியில் ஏற்றிவிடுங்கள். இப்போது விற்கும் பெரும்பாலான மடிக்கணினிகளில் சிடி டிரைவே கிடையாது.