எல்லாருக்கும் ஒரே பாட்டி

வெளிநாடு போக எழுதும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் பேச்சுப் பகுதி மொத்தமே 11 முதல் 14 நிமிடம். நடுவில் ஓர் அட்டை வரும்: உங்களைக் கவர்ந்த முதியவரைப் பற்றிப் பேசுங்கள். யோசிக்க ஒரு நிமிடம், பேச அதிகபட்சம் இரண்டு. இதற்கென்றே கோச்சிங் சென்டரில் ரெடிமேட் பாட்டி உண்டு. பேட்ச் முழுவதற்கும் அவரே பாட்டி. ரோஜா வளர்ப்பார், பொறுமை போதிப்பார். திண்ணையில் வெற்றிலை இடித்தபடி ஊர்வம்பு அளக்கும் சொந்தப் பாட்டியை ஆங்கிலத்தில் இறக்க யாருக்குத் தெம்பு? மனப்பாடம் என்று மூக்கில் வியர்த்தால் தேர்வாளர் கேள்வியைத் திருப்பிவிடுவார்.

உச்சரிப்பு புரிந்தால் போதும், வெள்ளைக்காரர் மாதிரி இழுக்கத் தேவையில்லை. ஆனாலும் இழுக்கிறார்கள். பிறகு இங்கிலாந்தின் லெஸ்டரில் போய் இறங்கினால் அறைத்தோழன் திருநெல்வேலிக்காரன். ஆங்கிலம் பேச வாய்ப்பு சனிக்கிழமை மட்டும்தான், டெஸ்கோ சூப்பர் மார்க்கெட்டின் பில் போடும் மெஷினிடம்.