ஆள் மாறினாலும் இடம் மாறாது: நெடுந்தொடர்களின் உருமாற்றமும் தென்காசிச் சீமையின் பற்றுறுதியும்

நெடுந்தொடர் என்பது, எந்தக் கதையைச் சொல்லத் தொடங்கியதோ அந்தக் கதையை முடிக்கும் கடமையிலிருந்து ஏறத்தாழ நூறாவது நாளில் விடுதலை பெற்று, அதன்பின் தொடர்ந்துகொண்டிருப்பதையே தன் கதையாகக் கொள்ளும் தொலைக்காட்சி நாடகம் என்று இவ்வாய்வில் வரையறுக்கப்படுகிறது. தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, பாவூர்ச்சத்திரம், கடையம் ஆகிய ஊர்களில் இதை வீட்டுப் பேச்சில் ‘நாடகம்’ என்றே சொல்வர். ‘சீரியல்’ என்பது விருந்தாளிகள் முன்னிலையில் வழங்கும் பெயர். ஆளும் கதையும் ஒளிபரப்பு நேரமும் மாறிப்போய்த் தலைப்பு ஒன்றே பழையதாக எஞ்சியிருக்கும் நாடகத்தின் முன், அதே பார்வையாளர் அதே சுவரில் சாய்ந்து அதே போல் காலை நீட்டி அமர்ந்திருப்பது ஏன் என்பதே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் சிக்கல். இதற்கு விடை சொல்வோர் இரு சாரார். கதையின் பொருட்டே பார்க்கிறார்கள் என்போரைக் கதைக்கொள்கையர் என்றும், நடிப்பவரின் முகத்தின் பொருட்டே பார்க்கிறார்கள் என்போரை முகக்கொள்கையர் என்றும் அழைக்கலாம். இவ்விரு சாராரும் நாடகம் ஓடும் வீட்டில் ஒரு மாலைகூட உட்கார்ந்ததில்லை என்பது அவர்களுடைய முடிவுகளிலிருந்தே தெரிகிறது. பற்று இருப்பது கதையின் மேலும் அன்று, முகத்தின் மேலும் அன்று. குடும்பத்தின் அன்றாடத்தில் ஒரு நாடகம் பிடித்துக்கொண்ட அரைமணி நேர இடத்தின் மேல்தான் என்பதும், அந்தப் பற்றை அளக்கும் கோல் பாராட்டு அன்று, ஏச்சு என்பதும் இங்கு நிறுவப்படும்.

இவ்வகை நாடகம் அமெரிக்க வானொலியில் 1930களில், சோப்பு விற்கும் நிறுவனங்களின் செலவில் வளர்ந்தது. ‘கைடிங் லைட்’ என்ற நாடகம் 1937இல் வானொலியில் தொடங்கி, 1952இல் தொலைக்காட்சிக்கு வந்து, 2009இல் முடிந்தது. ஒரு மனிதனின் ஆயுளுக்கு நிகரான இக்காலத்தில் அதைப் பார்க்கத் தொடங்கியவர்களில் பலர் முடிவைப் பார்க்காமலே போயிருப்பர். இங்கிலாந்தின் ‘கோரனேஷன் ஸ்ட்ரீட்’ 1960 டிசம்பர் 9 அன்று தொடங்கி இன்றும் ஓடுகிறது. இதோடு ஒப்பிட, சன் தொலைக்காட்சியில் 1999இல் தொடங்கிய ‘சித்தி’ சிறுகதை அளவினது. 2002 முதல் 2005 வரை எண்ணூறு பகுதிகளைக் கடந்த ‘மெட்டி ஒலி’ குறுநாவல். 2003 முதல் 2009 வரை ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டிய ‘கோலங்கள்’தான் காப்பியம் என்ற பெயரைக் கேட்டு விண்ணப்பிக்கும் தகுதி பெற்றது.

நெடுந்தொடரில் நிகழும் மாற்றங்களுள் ஆய்வுக்கு முதலில் வர வேண்டியது ஆள்மாற்றம். ஒரு பாத்திரத்தை அதுவரை நடித்து வந்தவரை முதலவர் என்றும், அவர் விலகிய பின் அப்பாத்திரத்தை ஏற்பவரைப் பின்னவர் என்றும் கொள்க. தமிழ்த் தொடர்கள் இம்மாற்றத்தை ‘இவருக்குப் பதில் இவர்’ என்ற வாசகத்தால் அறிவிக்கும். பின்னவர் மாடிப்படியில் இறங்கி வருகையிலேயே இவ்வாசகம் திரையின் அடியில் தோன்றி, படித்து முடிப்பதற்குள் மறையும். இலக்கணத்தில் ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய வேறொன்றுக்கு ஆகி வருவதை ஆகுபெயர் என்பர். அந்நெறியில், ஒருவருக்குரிய உறவும் சொத்தும் பகையும் மூன்று மாதக் கர்ப்பமும் ஒரே இரவில் வேறொரு முகத்துக்கு ஆகி வருவதை ஆகுமுகம் எனலாம். உலகின் பிற பகுதிகளில் இதற்கு வீண் பாடு பட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் ‘டாலஸ்’ தொடர், இறந்துபோனதாகக் காட்டிய பாபி என்னும் பாத்திரத்தை 1986இல் திரும்பக் கொண்டுவர விரும்பி, இடைப்பட்ட ஓர் ஆண்டுக் கதை முழுவதையும் அவன் மனைவி கண்ட கனவு என்று தள்ளுபடி செய்தது. நான்கு சொற்களில்கூட அல்ல, மூன்றே சொற்களில் காரியத்தை முடிக்கும் கலை தமிழில் இருந்தது என்பதை அவர்கள் அறியவில்லை.

இக்கலை தொலைக்காட்சியோடு வந்ததும் அன்று. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றிய நாடகங்களை ஆடி வந்த ஸ்பெஷல் நாடக மரபில், ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பபூனும் வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே பேசி முடிக்கப்பட்டு வந்து மேடையில் ஒன்று சேர்வர். சென்ற ஆண்டு முருகனாக வந்தவர் வேறு, இவ்வாண்டு வந்தவர் வேறு என்ற காரணத்தைக் காட்டி, நடந்த வள்ளி திருமணம் செல்லாது என்று எந்த ஊரும் வழக்காடியதில்லை.

ஆயினும் தென்காசிச் சீமை இவ்வகையில் தமிழகத்தின் பிற பகுதிகளைக் காட்டிலும் முன்பயிற்சி மிக்கது. குற்றாலநாதர் கோயில் முன்பு திருமால் கோயிலாக இருந்ததென்றும், அகத்தியர் அத்திருமேனியையே சிவலிங்கமாக்கி வழிபட்டார் என்றும் தலபுராண மரபு சொல்லும். கோயில் இன்றும் சங்கு வடிவில் இருக்கிறது, வழிபடும் கூட்டமும் குறையவில்லை. 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பத் தொடங்கிய தென்காசிக் காசி விசுவநாதர் கோயிலின் இராசகோபுரத்தைத் தம்பி குலசேகரன் முடித்தான்; அது பின்னாளில் சிதைந்து மொட்டைக் கோபுரமாக நெடுங்காலம் நின்று, 1990இல் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்தது. தனக்குப் பின் இக்கோயிலைக் காத்துப் பேணுபவர்களின் அடிகளில் தான் விழுந்து வணங்குவதாகப் பராக்கிரம பாண்டியன் கல்வெட்டில் பொறித்து வைத்திருப்பது, முதலவர் ஒருவர் தம் பின்னவருக்கு அளித்த வரவேற்புகளில் தலைசிறந்தது. தொலைக்காட்சித் துறையில் இதற்கு இணையான பெருந்தன்மை இதுவரை பதிவாகவில்லை. செங்கோட்டையோ திருவிதாங்கூர்ப் பக்கத்திலிருந்து 1956 நவம்பர் 1 அன்று தமிழகப் பக்கத்துக்கு வந்தது. 2019 நவம்பரில், திருநெல்வேலி மாவட்டத்தில் உறங்கப்போன ஊர்கள் தென்காசி மாவட்டத்தில் கண்விழித்தன. இத்தனையும் கண்ட மக்களிடம் ஒரு மருமகளின் முகம் மாறியதைச் சொல்லத் தொடர்க் குழுவினர் ஏன் தயங்குகிறார்கள் என்பதுதான் வியப்பு.

நாடகம் இச்சீமையில் எவ்வாறு பார்க்கப்படுகிறது என்பதை அறியாமல் பற்றுறுதியைப் பற்றிப் பேச முடியாது. கடையம், ஆலங்குளம், பாவூர்ச்சத்திரம் வட்டாரங்களில் பெண்களின் வீட்டுத் தொழில்களில் முதன்மையானது பீடி சுற்றுவது. மடியில் தட்டு, தட்டில் வெட்டிய இலையும் தூளும் நூலும், எதிரே தொலைக்காட்சி என்பதே அமர்வின் அமைப்பு. 2006இல் ஆட்சிக்கு வந்த அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கிய பின் இவ்வமைப்பு ஏறத்தாழ எல்லா வீட்டுக்கும் பொதுவாயிற்று. கூலி பீடியின் எண்ணிக்கைக்குத்தான் கிடைக்கும் என்பதால் கண் பெரும்பாலும் தட்டில் இருக்கும். நாடகத்துக்குக் கிடைப்பது காது. அதிர்ச்சியான செய்தி ஒன்றைக் கேட்டதும் அறையிலுள்ள எல்லார் முகத்தையும் மும்மூன்று முறை இடியோசையோடு காட்டுவதும், நேற்றுச் சொன்னதை இன்று ஒருவர் மற்றொருவருக்கு முழுவதுமாகத் திரும்பச் சொல்வதும் நகரத்து விமர்சகர்களுக்குக் குறையாகத் தோன்றலாம். ஓர் இலையைச் சுருட்டி மடக்கி நூல் கட்டி நிமிர்வதற்குத் தேவையான காலத்தை அந்த இடியோசைதான் கொடுக்கிறது. அடுப்படிக்குப் போய் வந்தவர் விட்டதை, தட்டிலிருந்து கண்ணெடுக்காமலேயே ஒருவர் சொல்லி நிரப்புவார். இவரை உரையாசிரியர் எனல் தகும், ஏனெனில் மூலத்தில் இல்லாத காரணங்களையும் இவர்தான் கற்பித்துக் கொடுக்கிறார்.

காதுவழிக் கல்வியின் முதல் விளைவு, முகமாற்றம் எதிர்பார்க்கும் அளவுக்குப் பேரிடராவதில்லை என்பது. தமிழ் பேசத் தெரியாத நடிகையருக்கு டப்பிங் கலைஞர்கள் குரல் கொடுக்கும் வழக்கம் தொடர்களில் பரவலாக இருப்பதால், முகம் பெங்களூரிலிருந்து வந்து திருவனந்தபுரத்துக்குப் போனாலும் குரல் அப்படியே நிலைக்கக்கூடும். அவ்வாறு நிலைத்தால் தட்டின்மேல் கண் வைத்திருப்பவருக்கு மாற்றமே நிகழவில்லை. இதன் மறுதலை ‘எதிர்நீச்சல்’ தொடரில் வெளிப்பட்டது. ஆதி குணசேகரன் என்னும் பாத்திரத்தைத் தம் சொந்தக் குரலின் மேல் நிறுத்தியிருந்த மாரிமுத்து, 2023 செப்டம்பர் 8 அன்று, அத்தொடருக்கே டப்பிங் பேசிக்கொண்டிருந்த நாளில் காலமானார். பாத்திரம் சில காலம் வீட்டைவிட்டுப் போனதாகக் காட்டப்பட்டு, பின்னர் எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி அதை ஏற்று வந்தார். முகத்தோடு குரலும் மாறிய இந்நிகழ்ச்சியில் பீடித் தட்டுகள் உண்மையாகவே சிறிது நேரம் நின்றிருக்கும். மறைந்தவருக்கான துக்கமும், அது போல வரவில்லை என்று வந்தவர்மேல் வைத்த குறையும், ஒரு நாளையும் விடாமல் பார்த்ததும் ஒரே வீட்டில் ஒரே வேளையில் நிகழ்ந்தன. தொடர் 2024 ஜூனில் முடிந்து, அவ்வாண்டு டிசம்பரில் இரண்டாம் பாகமாகத் திரும்பியும் வந்தது.

இங்கு ஏச்சு என்னும் கலைச்சொல்லை விளக்க வேண்டும். நெல்லை வழக்கில் ஏசுதல் என்பது உரிமை உள்ளவரை உரிமை உள்ளவர் திட்டுவது. அயலாரை யாரும் மெனக்கெட்டு ஏசுவதில்லை. நாடகத்தின்மேல் விழும் ஏச்சு முதலில் வில்லியைத் தாக்கும், சில வாரங்களில் வில்லியின் சூழ்ச்சி புரியாத நாயகியைத் தாக்கும், அதன்பின் இதை எழுதியவன் யார் என்று கேட்கும். இம்மூன்றாம் நிலையை அடைந்தவரே முதிர்ந்த பற்றாளர். மாறாக, ‘நல்லாத்தான் போகுது’ என்று சொல்பவரின் பற்று ஐயத்துக்குரியது; அவர் இரண்டு வாரமாகப் பார்க்கவில்லை என்பதைச் சிறு குறுக்கு விசாரணையிலேயே வெளிக்கொணரலாம். குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார் ஒரு செய்யுளை எடுத்துக்கொண்டு நெடுநேரம் திரும்பத் திரும்பச் சுவைக்கும் முறையைத் வட்டத்தொட்டி என்னும் தம் இலக்கியக் கூட்டத்து அன்பர்களுக்குப் பழக்கினார். அதே நெடுநேரம் ஒரு மாமியாரின் ஒரு வாக்கியத்துக்குச் செலவிடப்படுவதை மலையடிவாரத்து எந்தத் திண்ணையிலும் இன்று காணலாம். சுவைப்பதற்குப் பதில் ஏசுகிறார்கள் என்பது ஒன்றே வேறுபாடு. வருத்தத்துக்குரியது என்னவெனில், தெரிந்தெடுத்த சில வீடுகளில் கருவி பொருத்தி வாரந்தோறும் வியாழனன்று வெளியாகும் டிஆர்பி என்னும் புள்ளி, பெட்டி ஓடியதை மட்டுமே அறியும், பெட்டியை நோக்கிச் சொன்னதை அறியாது. ஏச்சையும் அது விருப்பமாகவே எண்ணிக் கணக்கில் சேர்க்கிறது. அது தவறு என்று சொல்வதற்கும் இல்லை.

தலைப்பின் நிலைபேறு தனி இயலுக்குரிய பொருள். 2020இல் தொடங்கிய ‘சித்தி 2’ தொடரிலிருந்து, சித்தியாக நடித்த ராதிகா 2021இல் விலகினார். சித்தி போன பின்பும் ‘சித்தி’ ஓராண்டுக்கு மேல் ஓடியது. இதைக் கண்டு தருக்க நூலார் மயங்கலாம், குற்றாலத்தார் மயங்கார். சாரல் பொய்த்த ஆண்டில் இரண்டு கிளையில் மட்டும் நீர் விழும்போதும் ஐந்தருவியை அவர்கள் ஐந்தருவி என்றே சொல்லி, ஆட்டோவுக்கும் அதே கூலி வாங்குகிறார்கள். இதற்கு நேர்மாறாக, முகம் நிலைக்கப் பெயர் மட்டும் மாறும் வகையும் உண்டு: ‘அண்ணாமலை’, ‘செல்வி’, ‘அரசி’, ‘செல்லமே’, ‘வாணி ராணி’ என்று 2002 முதல் 2018 வரை ராதிகா ஒருவரே இரவு நேரத்தைத் தம் பெயரில் வைத்திருந்தார். ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ மூன்றாவது வகை. முதல் பாகத்தில் மூத்த அண்ணனாக இருந்த ஸ்டாலின் முத்து, 2023இல் தொடங்கிய இரண்டாம் பாகத்தில் பாண்டியன் என்ற அப்பாவாகவே வந்தார். இவருக்குப் பதில் இவரே என்னும் இந்நிலைக்கு அறிவிப்பு வாசகம் இன்னும் இயற்றப்படவில்லை.

அதே குடும்பம் மலைக்கு அப்பாலும் வாழ்ந்தது என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ மலையாளத்தில் ‘சாந்த்வனம்’ என்ற பெயரில் 2020 முதல் வந்தது. ஆகவே புளியரைச் சோதனைச் சாவடியின் இப்பக்கம் ஓர் அண்ணி தன் கொழுந்தன்மாரை வளர்த்துக்கொண்டிருக்க, ஆரியங்காவுப் பக்கம் வேறொரு முகமுடைய அதே அண்ணி அதே கொழுந்தன்மாரைத் தேங்காய் எண்ணெய்ச் சமையலோடு வளர்த்துக்கொண்டிருந்தாள். இரு மொழியும் அறிந்த செங்கோட்டைக்காரர்கள் ஒரே துயரத்தை இரு முறை படும் வாய்ப்புப் பெற்றனர். ஒரு பக்கம் இனி வரப்போவதை மறுபக்கத்தைக் கொண்டு முன்கூட்டிச் சொல்லும் சோதிடர்களும் இவர்களுள் தோன்றினர்.

இவ்வளவையும் தாங்கும் பற்று எதில் முறியும் என்றால், நேரமாற்றத்தில் முறியும். இரவு ஒன்பது மணி நாடகத்தை மாலை ஆறரைக்குக் கொண்டுபோவது, சுற்றிய பீடியைக் கட்டுக் கட்டிக் கடையில் கொடுத்துக் கணக்குப் போட்டு வரும் வேளையில் அதைக் கொண்டுபோய் வைப்பதாகும். அப்போது பார்வையாளர் நாடகத்தின் பின்னால் போவதில்லை. ஒன்பது மணியில்தான் இருப்பார், அங்குப் புதிதாக வந்து உட்கார்ந்ததை முதல் வாரம் அன்னியமாகப் பார்த்து, இரண்டாம் வாரம் ஏசத் தொடங்குவார். கைப்பேசிச் செயலிகளில் எந்நேரமும் பார்க்கலாம் என்ற வசதி கடையநல்லூரிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்களுக்கு உதவியதே தவிர, தட்டு மடியிலிருப்பவருக்கு உதவவில்லை, ஏனெனில் எந்நேரமும் என்பது ஒரு நேரம் அன்று.

எஞ்சியிருப்பது ‘இனிமே இந்த நாடகத்தைப் பாக்கவே மாட்டேன்’ என்னும் சபதம். ஆள் மாறும்போதும், நாயகி மீண்டும் ஒருமுறை மன்னிக்கும்போதும், கல்யாணம் தாலி கட்டும் நொடியில் நிற்கும்போதும் இது எடுக்கப்படும். இதன் ஆயுள் எடுத்த கிழமையைப் பொறுத்தது. திங்கள் முதல் வெள்ளி வரை எடுத்த சபதங்கள் மறுநாள் அதே மணிக்குக் காலாவதியாகும். சனிக்கிழமை இரவு எடுத்தது மட்டும் ஞாயிறு முழுவதும் வழுவாமல் காக்கப்படும், அன்று அந்த நாடகம் கிடையாது.