நாயகனைக் காணோம்!

'எர்த்ஸீ' வரிசையின் இரண்டாவது புத்தகத்தில் பல அத்தியாயம் தாண்டிவிட்டேன். முதல் பாகத்து நாயகன் கெட் தலையையே காட்டவில்லையே?

கெட் ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை, வருவான்! 1968-ல் வந்த முதல் பாகத்தில் மந்திரப் பள்ளி ஆண்களுக்கு மட்டும்தான். 1971-ல் வந்த 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' பாகத்தில் உர்சுலா லெ குவின் கதையையே தெனார் என்ற பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டார். வந்து சேரும் நாயகனை அவள் நிலவறைச் சுரங்கத்தில் பூட்டியும் வைப்பாள்.

முதல் பாகம் படிக்காமல் நேரே இதைப் படிக்கலாமா?

தாராளமாக. கெட் யாரென்று தெனாருக்கும் தெரியாது. நீங்கள் அவள் கட்சி!

இந்த மாயாஜாலத் தொடர்கள் மூன்று பாகத்தோடு முடிந்துவிடுமா சார்?

எழுதுகிறவர்களே அப்படித்தான் நம்புகிறார்கள். 'எர்த்ஸீ'யின் மூன்றாம் பாகம் 1972-ல் வந்தது, நான்காவது 1990-ல். 'எரகான்' என்ற டிராகன் கதையை முத்தொகுப்பு என்று தொடங்கிய கிறிஸ்டோபர் பவோலினி, 2005-ல் இரண்டாம் பாகமான 'எல்டெஸ்ட்' தந்தார். 2011-ல் நான்காவதோடு முடித்தார். 2023-ல் அதே உலகத்தில் இன்னொன்று! டிராகனை வளர்க்கலாம், நிறுத்தி வைக்க முடியாது.

நாற்பது வயதில் இளையோர் நாவல் படித்தால் வீட்டில் சிரிக்கிறார்களே?

'அட்டுவான்' எழுதிய லெ குவினுக்கும் அப்போது நாற்பதுக்கு மேல்தான். எழுதியவருக்கு இல்லாத வெட்கம் உங்களுக்கு எதற்கு? தன்னை வளர்த்த நம்பிக்கை பொய் என்று தெரிந்த பிறகு என்ன செய்வது என்பதுதான் தெனாரின் பிரச்சினை. அது எந்த வயதிலும் வரும்.