நந்திக்கடலோரம் குளத்தார் தங்கும் முறைமை

வன்னிப் பெருநிலத்தில் குடும்பத்தோடு விடுமுறை தங்கும் வழக்கம், விடுதி, முற்பதிவு, கட்டணம் ஆகிய மூன்றையும் அறியாமலே செழித்து வளர்ந்ததாகும். அதன் முழு முதலீடும் உறவுமுறையே என்பதாலும், கரையோரத்தில் ஒரு சித்தப்பாவோ மாமியோ இல்லாத குடும்பம் ஒரு திருமணத்தின் மூலம் அக்குறையை நிவர்த்தி செய்துகொள்ளும் என்பதாலும், இத்துறையில் நட்டமடைவோர் விருந்தளிப்போர் மட்டுமே. ஏ9 வீதியில் வவுனியாவுக்கு வடக்கே உள்ள புளியங்குளம், நெற்செய்கையையும் குளத்து நீரையும் நம்பி வாழும் உள்நாட்டு ஊர். அதன் சந்தியிலிருந்து கிழக்கே பிரியும் வீதி நெடுங்கேணியைத் தொட்டு முல்லைத்தீவுப் பக்கம் செல்வதால், ஓகஸ்ட் மாதப் பாடசாலை விடுமுறையில் ஹயஸ் வான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, நந்திக்கடற் களப்புக்கும் பெருங்கடலுக்கும் இடையே கிடக்கும் வட்டுவாகல் போன்ற ஊர்களில் போய் இறங்குவது இவ்வூர்க் குடும்பங்களுக்கு எளிதாகிறது. ஆற்று நீரும் கடல் நீரும் கலந்து நிற்கும் ஆழங்குறைந்த நீர்நிலையே களப்பு எனப்படுகிறது. ஓகஸ்டைத் தெரிவு செய்வதற்குப் பருவக்காற்றே காரணம்: தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும், டிசம்பரிலோ வடகீழ்ப் பருவக்காற்று விருந்தினரையும் வீட்டாரையும் ஒரே அறைக்குள் பல நாள் பூட்டிவைத்துவிடும், அது உறவுக்கு நல்லதன்று.

இவர்களைக் குளத்தார் என்று அழைப்பது ஆய்வுக்கு வசதியானது. குளத்தாரின் நீரறிவு முழுவதும் அணைக்கட்டு, துருசு, வான் ஆகிய மூன்றினுள் அடங்கும். துருசு என்பது வயலுக்கு நீர் திறக்கும் மதகு, வான் என்பது குளம் நிரம்பினால் மிகைநீர் வழிந்தோடும் இடம். நீரின் அளவை இவர்கள் அடியிலேயே பேசுவர்; இரணைமடுக் குளம் 36 அடியைத் தொட்டது என்றால், அது கிளிநொச்சிக் கமக்காரருக்கு ஒரு பிள்ளை பல்கலைக்கழகம் புகுந்ததற்கு ஒப்பான செய்தி. ஆகையால் கடலைக் கண்ட மூத்த கமக்காரர் அதன் நீலத்தையோ அலையையோ வியக்காமல், "இப்ப எத்தினை அடி நிக்குது?" என்று கேட்பதில் வியப்பில்லை. இலங்கைக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு என்ற விடை அவரைத் திருப்திப்படுத்தாது. வானும் பாயாமல், சிறுபோகத்துக்கு ஓர் ஏக்கருக்கும் பாயாமல் சும்மா கிடக்கும் இத்தனை தண்ணீரை, நிருவாகச் சீர்கேடாகவே அவர் கணிப்பார். களப்புக்கு நீர் கொணரும் பேராறு முத்தையன்கட்டுக் குளத்தில் மறிக்கப்பட்டு வருவது என்று அறிந்த பின்னரே அவர் முகம் தெளியும். அக்குளத்தோடு தமக்கு யாதொரு தொடர்பும் இல்லாதபோதிலும், வந்து சேர்ந்திருப்பது தம் பக்கத்துத் தண்ணீர் என்ற பெருமிதம் அன்று மாலை வரை நீடிக்கும்.

குளிப்பு முறையிலும் இதே மரபு தொடர்கிறது. குளத்தார் கடலுக்குச் செல்வது விளையாடுவதற்கன்று, தோய்வதற்கு; எனவே சவர்க்காரப் பெட்டி, துவாய், அழுக்குத் துணி மூட்டை ஆகியன உடன் செல்லும். கடல்நீரிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து நுரைக்குப் பதிலாகப் பிசுக்கை உண்டாக்கும் என்பது வேதியியல். எனினும், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்கு முன்பாகச் சிலாவத்தைக் கரையில் எடுக்கப்படும் கடல்நீரால் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் விளக்கெரிப்பதை ஆண்டுதோறும் கும்பிட்டு வரும் அம்மம்மா ஒருவர், "உப்புத் தண்ணியிலை விளக்கே எரியுது, சவுக்காரம் நுரைக்காதோ?" என்று கேட்டால், வேதியியல் ஆசிரியரான மருமகனும் வாய்மூடி நிற்பதே குடும்ப ஒழுங்கு.

உண்மையான நெருக்கடி கடலில் தொடங்குவதில்லை, கிணற்றில் தொடங்குகிறது. உப்பு உடலில் காய்வதைப் பொறாத குளத்தார், கரையேறியவுடன் விருந்தளிப்பவரின் நல்ல தண்ணீர்க் கிணற்றை நோக்கி வரிசையாகச் செல்வர். கரையோர மணலுக்கடியில் மழைநீரானது, தன்னிலும் அடர்த்தி கூடிய உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய வில்லைபோல் மிதந்து நிற்கிறது. கைபன், ஹெர்ஸ்பேர்க் என்னும் இரு ஐரோப்பியர் தனித்தனியே கண்டறிந்த விதியின்படி, கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும். இதன் மறுபக்கம் கொடியது: மேலே ஓரடி குறைந்தால் காலப்போக்கில் கீழிருந்து நாற்பது அடி உப்பு ஏறும். பட்டை கட்டிய துலாவால் இறைத்த காலத்தில் கைநோவே ஒரு கட்டுப்பாடாக இருந்தது; மோட்டர் வந்தபின், பெரியப்பா தலைக்குத் தண்ணீர் வார்க்கும் நேரமெல்லாம் வில்லை மெலிந்துகொண்டே போகும். வீட்டுக்காரர் இவ்விதியைப் படித்தவரல்லர். ஆனால், மாமி போட்டுத் தந்த தேநீர் மூன்றாம் நாள் மெல்லக் கரிக்கத் தொடங்குவதை வைத்தே, விருந்தினர் தங்கிய காலம் போதும் என்று முடிவு செய்யும் அறிவு அவரிடம் உண்டு. நாகரிகம் கருதி அவர் அதைச் சொல்லமாட்டார். சீனியை ஒரு கரண்டி கூட்டிப் போடச் சொல்வார்.

இரவில் முற்றத்தில் பாய் விரித்தபின் நிகழும் உரையாடலில் இரு சமூகங்களும் உண்மையாகவே மோதுகின்றன. கோடையில் களப்பின் வாயைக் கடல் மணல்திட்டால் அடைத்துவிடும். மாரியில் நீர் பெருகி வயல்களும் வீடுகளும் மூழ்கும் நிலை வந்தால், அத்திட்டை வெட்டி முகத்துவாரத்தைத் திறந்துவிடுவர். வெள்ளம் கடலுக்குப் போகும். கடலிலிருந்து இறால் குஞ்சுகள் களப்புக்குள் வந்து வளரும். நந்திக்கடல் இறாலின் புகழுக்கு இதுவும் ஒரு காரணம். குளக்கட்டை வெட்டுதல் என்பதைத் தம் வாழ்நாளில் குற்றமாக மட்டுமே கேள்விப்பட்ட கமக்காரருக்கு, நிறைந்த நீரை மனமறிந்து வெட்டிவிட்டு அதைக் கொண்டாடுவோரும் உலகில் உளர் என்பது நித்திரையைக் கெடுக்கும் செய்தி. ஆயினும், அன்றிரவு உண்ட இறாற் குழம்பில் தமக்கும் பங்கிருந்ததால் அவர் கண்டனம் சற்றுத் தணிந்தே வெளிப்படும்.

இந்த வேடிக்கைகளில் சேராத ஒரு பகுதியினரும் உண்டு. 2004 டிசம்பர் 26 இல் முல்லைத்தீவுக் கரையை ஆழிப்பேரலை வாரிச் சென்றதையும், 2009 மே மாதத்தில் போரின் இறுதியில் இதே வட்டுவாகலிலுள்ள பாலத்தைக் கடந்து வந்ததையும் நினைவில் வைத்திருப்போர் நீரில் இறங்குவதில்லை. பிள்ளைகளின் உடுப்புகளை மடியில் வைத்துக்கொண்டு பனைகளின் கீழ் அமர்ந்திருப்பர். அவர்களை வாருங்கள் என்று எவரும் வற்புறுத்துவதில்லை. இவ்வாய்வும் அவர்களிடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

பண்டமாற்று பற்றிச் சுருக்கமாகக் கூறலாம். போகும்போது புழுங்கலரிசி, உழுந்து, நிலக்கடலை, எருமைத் தயிர்ச்சட்டி, தேன் போத்தல். வரும்போது கருவாடு, கூனி, ஐஸ் பெட்டிக்குள் நண்டு. தயிர் நெடுங்கேணிக்கு முன்பே வானின் மெத்தையில் சிந்தும். கருவாட்டு மணம் அடுத்த வாடகைக்காரரின் கல்யாணப் பயணம் வரை வானில் தங்கும். ஆகையால் சாரதிகள் முல்லைத்தீவுக் கூலியைப் பேசும்போது தூரத்தை மட்டும் கணக்கிடுவதில்லை.

மறுவிருந்து தவிர்க்க முடியாதது. அடுத்த விடுமுறையில் கரையார் வீட்டுச் சித்தப்பா புளியங்குளத்துக்கு வருவார். ஆழ்கடலில் இரவெல்லாம் தனித்து வலை போடுபவராயினும், தாமரைக்கொடி காலில் சுற்றும் என்றும் அடியில் சேறு என்றும் சொல்லிக் குளத்தில் முழங்காலுக்கு மேல் இறங்கமாட்டார். முதலை பற்றி யாராவது தற்செயலாகக் குறிப்பிட்டால் முழங்காலும் கரையேறிவிடும். மதியம் அவருக்கெனத் தேடிப் பிடித்துச் சமைத்த குளத்து மீனை முகர்ந்து பார்த்து, "மண் மணக்குது" என்று மரியாதையாக ஒதுக்கிவிட்டு, தாம் கொண்டுவந்த கருவாட்டைப் பொரித்துத் தரும்படி அண்ணியைக் கேட்பார்.