கூரை இல்லாத காரில் குரங்குக் குல்லா

நம்மவர்களின் முன்னேற்றத்தை வாகனங்களை வைத்து எழுதினால், அது தலைக்கு மேல் கூரை தேடிய வரலாறாகத்தான் இருக்கும். சைக்கிளில் நனைந்தோம், டி.வி.எஸ். 50இல் காய்ந்தோம், ஸ்கூட்டரில் நான்கு பேராக ஏறி இரண்டையும் சேர்த்துச் செய்தோம். பிறகு கடன் வாங்கிக் கார் வாங்கி, கண்ணாடியை ஏற்றி, ஏ.சி.யைப் போட்டு, அப்பாடா என்று சாய்ந்தோம். இந்தப் பரம்பரையில் வந்த ஒருவன் கலிபோர்னியாவுக்குப் போய்க் கூரையைக் கழற்றுகிற காரை வாங்கினால் அவன் மாமியார் என்ன நினைப்பார்? "முழுசா வாங்கப் பணம் பத்தலைங்களா மாப்பிள்ளை?" என்று அத்தை நாமக்கல்லிலிருந்து வீடியோவில் கேட்டார். கிண்டல் இல்லை. மீதியைத் தாமே அனுப்பலாமா என்ற யோசனை அவர் முகத்தில் தெரிந்தது.

நான் வாங்கியது பழைய மாஸ்டா மியாட்டா. 1960களின் பிரிட்டிஷ் திறந்த கார்களை மனத்தில் வைத்து ஜப்பானியர்கள் செய்து, 1989இல் சிகாகோ கண்காட்சியில் இறக்கிய வண்டி. மொத்தமே இரண்டு இருக்கை. 2016இல் பத்து லட்சமாவது வண்டி வெளிவந்தது. இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகிலேயே அதிகம் விற்றது என்று கின்னஸிலும் ஏறியிருக்கிறது. அதாவது, மனைவி ஏறிவிட்டால் வேறு எந்த உறவுக்கும் இடமில்லாத ஒரு காரைப் பத்து லட்சம் பேர் தெரிந்தேதான் வாங்கியிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் இந்த வகைக் கார் ஒரு தடவை செத்துப் பிழைத்தது. கவிழ்ந்தால் தாங்காத வண்டிகளுக்கு அரசாங்கம் தடை போட்டுவிடும் என்ற பயத்தில் 1970களில் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கைகழுவின. 1976இல் காடிலாக் தன் எல்டொராடோவைக் கடைசி அமெரிக்கக் கன்வர்ட்டிபிள் என்று சொல்லி விற்றது. ஜனங்கள் முண்டியடித்து வாங்கி, ஓட்டாமல் மூடிவைத்தார்கள். 1984இல் அதே காடிலாக் மறுபடியும் ஒரு திறந்த எல்டொராடோவைக் கொண்டுவந்து நிறுத்தியது. ஆடித் தள்ளுபடிக்கு மாட்டிய 'இன்றே கடைசி' பலகை ஆவணி வரை தொங்குவதைப் பார்த்து வளர்ந்தவன் யாரும் இதில் ஏமாந்திருக்க மாட்டான்.

திறந்த காரைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் 1960களின் தமிழ் சினிமா சொல்லிக் கொடுத்தது. கதாநாயகன் ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கை ஆட்டிக்கொண்டே நாயகியைப் பார்த்துப் பாடுவார். சாலையைப் பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அது பின்னால் ஒரு திரையில் தானாக ஓடிக்கொண்டிருக்கும். நாயகியின் கொண்டையில் ஒரு முடிகூட அசையாது. அந்தக் கொண்டையை நம்பித்தான் நானும் என் மனைவியும் ஃப்ரீமாண்டிலிருந்து 680ஆம் நெடுஞ்சாலையில் கூரையை இறக்கிவிட்டு ஏறினோம்.

நூறு கிலோமீட்டர் வேகத்தில் காற்று முன்னாலிருந்து வரும் என்றுதானே எல்லாரும் நினைப்போம்? அது முன்கண்ணாடியில் ஏறி, நம் தலைக்கு மேலே தாண்டி, இருக்கைக்குப் பின்னால் உள்ள வெற்றிடத்தில் விழுந்து, அங்கிருந்து சுழன்று பிடரியில் அடிக்கிறது. ஆகவே கூந்தல் பின்னால் பறக்காது, முன்னால் வரும். பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். மனைவியின் முகம் இருந்த இடத்தில் கூந்தல் மட்டும் இருந்தது. அதற்குள்ளிருந்து ஏதோ குரல் வந்தது. கல்யாணமானவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஆறுவழிச் சாலையில் லாரிகளுக்கு நடுவே கூரையைத் திறந்து வைத்துக்கொண்டு பேசாதீர்கள். 'அடுத்த எக்ஸிட்டில் இறங்கு' என்பதும் 'உன்னைக் கட்டினேன் பார்' என்பதும் அந்த இரைச்சலில் ஒன்றாகத்தான் கேட்கும். இரண்டுக்கும் தலையாட்டுவதே உத்தமம்.

இந்தக் காரின் ரகசியம் அப்புறம்தான் பிடிபட்டது. பார்வைக்குத்தான் அவசரக்கார வண்டி. குணத்தில் பரம சோம்பேறி. ஐம்பது கிலோமீட்டருக்குக் கீழே வந்தால் காற்று அடங்கிவிடும். பேசினால் கேட்கும். புல் மணக்கும், மாடு மணக்கும், யார் வீட்டிலோ கறி வாட்டுவதும் மணக்கும். ஆகவே இதற்குத் தேவை வேகமாகப் போக முடியாத ரோடு: குறுகலாக, கோணலாக, எங்கேயும் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்காத ரோடு. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவைச் சுற்றிய மலைகளில் அப்படிப்பட்டவை ஏராளம்.

ரோடு கிடைத்துவிட்டது. காரணம் கிடைக்க வேண்டுமே! நாமக்கல்லிலிருந்து மாமாவும் அத்தையும் வந்திருந்த ஏப்ரல் மாதம், சனிக்கிழமை காலையில், "சும்மா ஒரு டிரைவ் போலாமா மாமா?" என்றேன்.

"போலாங்க. எங்கீங்க?"

"எங்கேன்னு இல்லை. சும்மா."

வீட்டில் அமைதி. விடிகாலை நாலு மணிக்கு வேனில் ஏறி, ஒன்பது நவக்கிரகத் தலங்களையும் ஒரே நாளில் தரிசித்து, ராத்திரிக்குள் வீடு திரும்பிய குடும்பம் அது. அவர்களிடம் 'சும்மா' என்றால்? எல்லாச் சுற்றுலாவுக்கும் முடிவில் ஒரு பரீட்சை உண்டு: என்ன பார்த்தீங்க? அதற்குச் சொல்ல விடை இல்லாத ஊருக்கு யார் பெட்ரோல் போடுவார்கள்?

நல்லவேளையாக லிவர்மோரில் சிவா–விஷ்ணு கோயில் இருக்கிறது. வடநாட்டுச் சிகரமும் தென்னாட்டுக் கோபுரமும் ஒரே கட்டடத்தில் அமைந்த கோயில். அதைவிட முக்கியம், அந்த ஊரின் தெற்கிலிருந்துதான் மைன்ஸ் ரோடு புறப்படுகிறது. கோயிலுக்கு என்று கிளம்பினால் கேள்வியே இல்லை. இருப்பது ஓர் இருக்கை. கூரை இல்லாத வண்டியில் தான் ஏறுவதாக இல்லை என்று அத்தை அறிவித்துவிட்டதால் மாமா தேர்வானார். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி ஒரு டப்பா, தயிர்சாதம் ஒரு டப்பா. டிக்கியில் ஸ்டெப்னியும் பேட்டரியும் ஏற்கெனவே குடியிருந்ததால் இரண்டு டப்பாவையும் மாமா மடியில் ஏற்றினோம். கடைசியாக அத்தை ஒரு குரங்குக் குல்லாவைக் கொண்டுவந்து மாமா தலையில் கழுத்துவரை இழுத்துவிட்டார். முகத்தில் கண்ணும் மூக்கும் மீசையும் மட்டும் மிச்சம்.

தரிசனம் முடிந்து கிளம்பினோம். நெற்றித் திருநீறு கலைந்துவிட்டதே என்று மாமா பொட்டலத்தைப் பிரித்தார். காற்று வாங்கிக்கொண்டது. அவர் நெற்றியைத் தவிர மற்ற எல்லா இடத்திலும், என் மூக்குக்கண்ணாடி உட்பட, பட்டை விழுந்தது. ஆயுதபூஜைக்குக்கூட இந்தக் காருக்கு நான் அவ்வளவு பூசியதில்லை.

மைன்ஸ் ரோடு ஏறத்தாழ 45 கிலோமீட்டர். ஊரைத் தாண்டினால் ஒன்றரை வண்டி அகலம். பெட்ரோல் பங்க் கிடையாது. சற்று நேரத்தில் செல்போன் சிக்னலும் விடைபெற்றுக்கொள்ளும். மீதி இருந்தது மாமனாரும் மருமகனும் மட்டும். இந்த இருவர் பேசிக்கொள்ள நம் வழக்கத்தில் மூன்றே விஷயங்கள்தான் உண்டு: பிரயாணம் சௌகரியமா, சாப்பிட்டாச்சா, ஊரில் மழை உண்டா. மூன்றும் முதல் வளைவிலேயே தீர்ந்துபோயின.

எதிரே ஒரு சிவப்பு மியாட்டா வந்தது. அதை ஓட்டியவர் கையை உயர்த்தினார், நானும் உயர்த்தினேன்.

"தெரிஞ்சவருங்களா?"

"இல்லை மாமா. ஒரே மாதிரி வண்டி. அவ்வளவுதான்."

மாமாவுக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு எதிரில் வந்த யாரையும் விடவில்லை. சைக்கிள்காரர்கள், பண்ணை லாரி, வேலிக்கு அப்பால் நின்ற பசு என்று அனைவருக்கும் கை காட்டினார். தோல் சட்டையும் தாடியுமாகக் கூட்டமாக வந்த மோட்டார் சைக்கிள்காரர்கள், திறந்த காரில் கறுப்புக் குல்லாவுக்குள் மீசையை மட்டும் கண்டு, என்ன நினைத்தார்களோ, வரிசையாக மரியாதை செய்துவிட்டுப் போனார்கள்.

வழியெல்லாம் பாப்பி பூத்திருந்தது. 1903இலிருந்து கலிபோர்னியாவின் மாநிலப் பூ. வெயில் வந்தால் விரியும், மேகம் மூடினால் சுருட்டிக்கொள்ளும். ஒரு மலைச்சரிவு முழுக்க ஆரஞ்சாக இருந்த இடத்தில் நிறுத்தி, "பாருங்க மாமா" என்றேன். மாமா பார்த்தார். ஆனால் பூவையல்ல. கீழே குனிந்து, ரோட்டுக்கு அடியில் போன குழாயைப் பார்த்தார்.

"கல்வெர்ட்டு நல்லா வச்சிருக்கானுங்க. மண்ணு அடைக்கவே இல்ல பாருங்க."

மாமா நெடுஞ்சாலைத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கொல்லிமலைச் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் சிலவற்றுக்குத் தடுப்புச் சுவர் கட்டியவர் என்பது கல்யாணப் பேச்சின்போதே சொல்லப்பட்டது. நான்தான் பெண்ணின் போட்டோவில் கவனமாக இருந்தேன். இப்போது அந்தக் கல்வெர்ட் மதகைத் திறந்துவிட்டது. வளைவில் ரோட்டின் வெளியோரத்தை எவ்வளவு தூக்க வேண்டும், தண்ணீர் எந்தப் பக்கம் வடிய வேண்டும், பேட்ச் ஒர்க் போடுகிறவன் எந்த இடத்தில் தார் திருடுவான் என்று இட்லிக்கு இடையில் எனக்குத் தெரியவந்தது. மாடு தாண்டாமலிருக்க ரோட்டின் குறுக்கே பதித்திருந்த இரும்புக் கம்பிப் படலை மேல் கார் கடகடத்தபோது, நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய்க் கம்பிக்கும் கம்பிக்கும் இடைவெளியைச் சாண் போட்டு அளந்தார்.

மைன்ஸ் ரோடு முடிகிற சந்திப்பிலிருந்து ஹாமில்டன் மலைக்கு இன்னும் 30 கிலோமீட்டர். கடைசிப் பகுதி செங்குத்து. இரண்டாவது கியரில் வண்டி முனகியது. மாமா முகம் சுளித்தார்.

"ஏத்தம் ஜாஸ்திங்க. எஸ்டிமேட் போட்டவன் நேர்ல வந்து பாக்கலை."

உச்சி 4,200 அடிக்கும் மேல். அங்கே லிக் வானாய்வகம் வெள்ளைக் குவிமாடங்களோடு நிற்கிறது. ஜேம்ஸ் லிக் என்பவர் பெருவில் பியானோ செய்து விற்றவர். 1848 ஜனவரியில், மூட்டை நிறையச் சாக்லேட்டோடும் பெட்டி நிறையத் தங்கத்தோடும் சான் பிரான்சிஸ்கோவில் வந்திறங்கி நிலமாக வாங்கிப் போட்டார். அதே மாதம் கலிபோர்னியாவில் தங்கம் கண்டுபிடித்தார்கள். ஊரே தங்கம் தோண்ட ஓடியது. ஓடி வந்தவர்களுக்கு நிற்க வேண்டிய நிலமெல்லாம் லிக்கிடம் இருந்தது. கடைசிக் காலத்தில் ஏழு லட்சம் டாலரைத் தொலைநோக்கிக்கு எழுதி வைத்தார். 1888இல் அந்த 36 அங்குலத் தொலைநோக்கி வேலைக்கு வந்தபோது லென்ஸ் வகைத் தொலைநோக்கிகளில் உலகிலேயே பெரியது. அதன் அடிப்பீடத்தில்தான் அவரைப் புதைத்திருக்கிறார்கள்.

மாமா குவிமாடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு இரும்பை எப்படிங்க மேல ஏத்துனாங்க?" என்றார். நான் பலகையைப் படித்துச் சொல்லலாம் என்று தேடினேன். அதற்குள் அவர் காரில் ஏறிக்கொண்டார்.

இறங்கியது மறுபக்கம், சான் ஹோசேவை நோக்கி. ஆண்டுக்கு எத்தனை நாளோ அத்தனை வளைவு என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். வளைவுக்கு மேல் வளைவு. ஆனால் சரிவே தெரியவில்லை. மாமா தலையை வெளியே நீட்டிச் சாலையையும் பள்ளத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் கண்ணுக்கும் மலைக்கும் நடுவில் தகரமோ கண்ணாடியோ எதுவும் இல்லை. கொஞ்ச தூரம் போனதும் சொன்னார்:

"மாப்பிள்ளை, அந்தப் பக்கம் போட்டவன் வேற, இந்தப் பக்கம் போட்டவன் வேற. இது வண்டிமாடோ குதிரையோ ஏறப் போட்ட ரோடுங்க. 1 இன் 15க்கு மேல எங்கயும் போகலை. இதுலதான் அந்த இரும்பை ஏத்தியிருக்கணும்."

அன்றிரவு படித்துப் பார்த்தேன். ரோடு போட்டுத் தந்தால்தான் தொலைநோக்கி என்று லிக் நிபந்தனை வைக்க, சான்டா கிளாரா மாவட்டம் 1876இல் போட்டு முடித்த சாலை அது. பாரம் இழுக்கும் குதிரைகளுக்காக ஏற்றத்தை எங்கேயும் ஆறரை சதவீதத்துக்கு மேல் விடவில்லை; அதற்காகத்தான் அத்தனை வளைவு. ஆறரை சதவீதம் என்றால் கணக்குப்படி 1 இன் 15தான். வண்டி வாங்கிய நாளிலிருந்து இந்த ரோட்டில் போய்வரும் எனக்கு அதுவரை தெரிந்ததெல்லாம், 'சூப்பரா இருக்கும்.'

வீட்டு வாசலில் அத்தை காத்திருந்தார். மாமா குல்லாவைக் கழற்றினார். திறந்த காரில் குளிர்காற்று அடிப்பதால் வெயில் உறைக்காது. ஆனால் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். நெற்றியும் காதும் நாமக்கல்லில் புறப்பட்ட நிறத்திலேயே இருக்க, குல்லா விட்டுவைத்த முகம் மட்டும் நீள்வட்டமாகக் கறுத்திருந்தது.

"இதென்னங்க கோலம்? அப்படி என்னதான் பாத்தீங்க?"

பரீட்சை வந்துவிட்டது. நான் கோயிலில் ஆரம்பிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். மாமா முந்திக்கொண்டார். கல்வெர்ட்டில் தொடங்கி, மாட்டுக் கம்பியின் இடைவெளி வழியாக, 1 இன் 15 வரை விரலால் காற்றில் வரைந்து வரைந்து சொன்னார். மனைவி வாய்பிளந்து நின்றாள். அப்பா இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

அத்தை முழுவதும் கேட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "இதையேதான் மாப்பிள்ளை ஊர்ல முப்பது வருசமாப் பாத்தாரு. அங்க சம்பளமாவது குடுத்தாங்க."

மாமா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குல்லாவை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி என்னிடம் கேட்டார்: "கடலோரமா ஒரு ரோடு போகுதாமுங்க. அதுல பாலம் எத்தனைங்க?"