பெட்டி ஏழு, பாட்டு எப்போ?

மாடி ஏறி வந்ததுல மூச்சு வாங்குது. இந்தப் பொட்டி மேல உட்காரலாமா கண்ணு? வேணாமா? ஸ்டூடியோ மானிட்டரா? அடடே, தெரியாம கேட்டுட்டேன். எங்க காலத்துல ஸ்பீக்கர்னா குழாய். வேப்பமரத்துல கட்டினா மூணு தெருவுக்குக் கேட்கும். அது மேல காக்கா உட்காரும், நாம உட்கார முடியாது. சரி வுடு, தரையே போதும்.

உங்கம்மாவுக்கு ஒரே பெருமை. "எம்புள்ள மியூசிக் பண்றான்"னு தெரு முழுக்கச் சொல்லி வெச்சிருக்கா. நானும் ஆறு மாசமா கீழ் வூட்டுல காதைத் தீட்டிட்டு உட்கார்ந்திருக்கேன். ஒரு 'டொக்' கேட்கும். அப்புறம் ரெண்டு நாள் நிசப்தம். மறுபடி ஒரு 'டொக்'. இது ஏதோ புது மாதிரித் தாளம் போல, நம்ம நாட்டுப்புறத்து மண்டைக்கு எட்டாதுன்னு விட்டுட்டேன். நேத்துதான் தெரிஞ்சுது, அது பார்சல்காரன் உன் கதவைத் தட்டுற சத்தம்.

இன்னா இன்னா வாங்கியிருக்கே, காமி. கீபோர்டு ஒண்ணு. சரி. நாப்புகளா இருக்கே, இது ஒண்ணு. கண்ணாடிக் காகிதம்கூடப் பிரிக்காத கிட் மூணு. நல்லது, பிரிச்சா தூசி படியும். சாஃப்ட்வேர் எத்தனை? ஏழா! பலே. ஏழு பொண்ணு பார்த்துட்டு ஒருத்தி கையையும் பிடிக்காத மாப்பிள்ளை மாதிரி இருக்கே. எட்டாவது ஒண்ணு பாக்கி இருக்காம். அதையும் பார்த்துடு, அப்புறம் மனக்குறை வரக்கூடாது.

எனக்கு இன்னா தெரியும்? சவுண்டு சர்வீஸ் வெச்சு ஆம்ப்ளிஃபயர் சுமந்தவன். ரேடியோ ரிப்பேர் பார்த்தவன். பேரன் போன்ல காமிச்சதை வெச்சுத்தான் பேசுறேன். தப்பா இருந்தா திருத்து.

பம்பாயில சரண்ஜித் சிங்னு ஒருத்தர். சினிமாப் பாட்டுக்கு கிட்டார் வாசிச்சவர். 1982ல ரோலண்டு கம்பெனி பெட்டி மூணை வெச்சுக்கிட்டு உட்கார்ந்தாரு. டிபி-303, டிஆர்-808, ஜூபிடர்-8. மூணே மூணு. டிஸ்கோ தாளத்துக்கு மேல பத்து ராகம் வாசிச்சு ஒரு ரெக்கார்டு போட்டாரு. அப்போ யாரும் சீந்தலை. 2010ல ஐரோப்பாவுல தூசி தட்டி மறுபடி போட்டாங்க. கேட்டவன் எல்லாம் வாயைப் பொளந்துட்டான். அமெரிக்காவுல சிகாகோக்காரன் 'ஆசிட் ஹவுஸ்'னு பின்னாடி கொண்டாடுனதை இந்த மனுசன் முன்னாடியே வாசிச்சு வெச்சிருக்காரேன்னு. அவருகிட்ட நாலாவது பெட்டி இருந்திருந்தா? அதுக்கு மேனுவல் படிச்சிட்டு இருந்திருப்பாரு.

அகமதாபாத்துல தேசிய வடிவமைப்பு நிறுவனம்னு ஒண்ணு இருக்கு. 1969ல அங்க ஒரு மூக் சிந்தசைசரைக் கொண்டாந்து வெச்சாங்க. அமெரிக்காவுலேர்ந்து டேவிட் ட்யூடர்னு ஒருத்தர் வந்து மாட்டிக் குடுத்தாரு. கீதா சாராபாய் மாதிரி நம்ம ஊரு ஆளுங்க நாலஞ்சு பேரு 1972 வரைக்கும் அதுல வாசிச்சு டேப்புல பிடிச்சு வெச்சாங்க. அந்த டேப்பு அம்பது வருசம் அலமாரியில தூங்கிட்டு 2023ல ரெக்கார்டா வெளிய வந்துச்சு. ஏன் வந்துச்சு? வாசிச்சதை முடிச்சு வெச்சிருந்தாங்க. உன் கம்ப்யூட்டர்ல இன்னா இருக்கு? 'டெஸ்ட்', 'டெஸ்ட் புதுசு', 'ஃபைனல்', 'ஃபைனல் நிஜம்'. எல்லாம் எட்டு செகண்டு. அம்பது வருசம் கழிச்சு எவனாவது திறந்தா, ஏதோ அலாரம்னு அணைச்சிடுவான்.

முறைக்காதே. செய்யவே வேணாம்னு நான் சொல்லலை. பெட்டியைக் கையால செய்யறதுல ஒரு ருசி இருக்கு. பெங்களூருல ராஜ் நாராயண்னு ஒரு இன்ஜினியர், எச்ஏஎல் விமானத் தொழிற்சாலையில வேலை பார்த்தவர், புல்லாங்குழலும் வாசிப்பாரு. 1979ல எலக்ட்ரானிக் தம்புரா செஞ்சாரு. இன்னிக்குப் பாட்டு வாத்தியார் வூட்டுல எல்லாம் 'ஙொய்ங்'னு பாடுதே சுதிப் பெட்டி, அந்த வம்சத்துக்கு அவருதான் பெரிய தலை. சுதி போட ஆள் கிடைக்கலை, பெட்டி பொறந்துச்சு. அவருக்கு முதல்ல குறை, அப்புறம் பெட்டி. உனக்கு முதல்ல பெட்டி, அப்புறம் குறை. வித்தியாசம் அவ்ளோதான்.

செய்யணும்னா இப்படிச் செய். இந்த கிட்டை எல்லாம் மூட்டை கட்டு. சனிக்கிழமை காலையில பட்டாபிராம் ஸ்டேஷன்ல மின்சார ரயிலைப் பிடி. சென்ட்ரல்ல இறங்கி மவுண்ட் ரோடு ரிச்சி தெருவுக்குப் போ. ஞாயித்துக்கிழமை போயிட்டு மூடின கடையை எண்ணிட்டு வராதே. அங்க 555னு ஒரு டைமர் ஐசி கேளு. எட்டுக் கால் வெச்ச கறுப்பு மூட்டைப்பூச்சி. ஹான்ஸ் கமென்சிண்டுன்னு சுவிஸ் நாட்டுக்காரர் 1971ல வரைஞ்சது. இன்னமும் டீக் காசுக்குக் கிடைக்குது. ஒண்ணுக்கு மூணா வாங்கு. ரெண்டை நீ கருக்கிடுவே.

வந்து பிரெட்போர்டுல குத்து. பள்ளம் இருக்கிற பக்கத்தை மேலே வெச்சா இடது கை முதல் கால் 1. அங்கேர்ந்து கீழே இறங்கி, அந்தாண்ட பக்கம் மேலே ஏறி எண்ணு. 9 வோல்ட் பேட்டரி, பிளஸ் 8க்கு, மைனஸ் 1க்கு. 2ஐயும் 6ஐயும் ஒண்ணாக் கட்டு. 8க்கும் 7க்கும் நடுவுல 1 கே ரெசிஸ்டர். 7க்கும் 6க்கும் நடுவுல இன்னொரு 1 கே, அதோட வரிசையா ஒரு 100 கே வால்யூம் கன்ட்ரோல். 6லேர்ந்து மைனஸுக்கு 0.1 மைக்ரோ கப்பாசிட்டர். 3லேர்ந்து 10 மைக்ரோ கப்பாசிட்டர் வழியா ஒரு சின்ன ஸ்பீக்கர், அதோட மறு முனை மைனஸுக்கு. அந்த 4ஆம் காலை மறந்துடாதே, 8ஓட சேரு. அதை அந்தரத்துல விட்டா பெட்டி நினைச்சா பாடும், இல்லேன்னா மூஞ்சியைத் திருப்பிக்கும். மாமியார் வூட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி.

இப்போ வால்யூம் கன்ட்ரோலைத் திருப்பு. ஒரு கடைசியில 70 ஹெர்ட்ஸ், ஆடி மாசத்துத் தவளை. மறு கடைசியில 4800 ஹெர்ட்ஸ், காதோரம் கொசு. தவளைக்கும் கொசுவுக்கும் நடுவுல நீ பாட வேண்டிய பாட்டு எல்லாம் இருக்கு. கன்ட்ரோலை எடுத்துட்டு அங்க வெளிச்சம் பார்த்து மாறுற ரெசிஸ்டர், எல்டிஆர், ஒண்ணு போட்டுப் பாரு. கை நிழல் பட்டா சுதி இறங்கும், எடுத்தா ஏறும். அன்னிக்கு ராத்திரி நீ தூங்க மாட்டே. தெருவும் தூங்காது.

பிரெட்போர்டுல பாடினதும் அதை ஈயம் வெச்சுப் பத்த வைப்பே, அப்போ ஒண்ணு ஞாபகம் வை. ஈயத்தைச் சுடாதே, காலைச் சுடு. உன் காலை இல்ல, கம்பிக் காலை. காலு சூடானா ஈயம் தானா ஓடி ஒட்டிக்கும், பளபளன்னு இருக்கும். ஆடை கட்டின பாயாசம் மாதிரி மங்கிக் கிடந்தா, ஒட்டின மாதிரி நடிக்குதுன்னு அர்த்தம். இன்னொண்ணு, கரண்டுல செருகுற எதையும் திறக்காதே. பேட்டரியில தப்பு பண்ணினா 555தான் போகும்.

எல்லாத்தையும் கம்ப்யூட்டரோட மாட்டினதும் 'ம்ம்ம்ம்'னு ஒரு சத்தம் வரும். ஆகா, பேஸ் பிரமாதம்னு ரெக்கார்டு பண்ணிடாதே. அது ஈ.பி. லைன் பாடுறது, 50 ஹெர்ட்ஸ். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாரு. சத்தம் நின்னா வழி தெரிஞ்சு போச்சு, எல்லாத்தையும் ஒரே பிளக் போர்டுல செருகு. எர்த் காலை வெட்டினா சத்தம் போயிடும்னு எவனாவது யோசனை சொல்வான். சத்தத்தோட நீயும் போயிடுவே.

கீபோர்டை அமுக்கினா சத்தம் லேட்டா வருதுன்னு புது கம்ப்யூட்டர் கேட்டியாமே, உங்கம்மா சொன்னா. நான் ஒண்ணு கேட்கிறேன். அந்த பஃபர்னு ஒரு எண் இருக்கே, அது எவ்ளோ வெச்சிருக்கே? 1024ஆ? சபாஷ். கணக்குப் போட்டா 23 மில்லிசெகண்டு. சத்தம் காத்துல அத்தனை நேரத்துல 26 அடி போகும். தவிலை 26 அடி தள்ளி வெச்சுட்டு கோலு நீட்டி அடிக்கிறே, அப்புறம் தாளம் நிக்கலைன்னு அழுவுறே. தெருக்கோடிக் குழாயும் கோயில் வாசல் குழாயும் முன்னே பின்னே கேட்குதுன்னு திருவிழாவுல திட்டு வாங்கினவன் நான், எனக்குத் தெரியாதா? 128க்கு இறக்கு, 3 மில்லிசெகண்டு. பாட்டு முடிஞ்சு கலக்கும்போது மறுபடி ஏத்திக்கோ. புது கம்ப்யூட்டர் காசை அம்மாகிட்டயே திருப்பிக் குடு. குடுக்கலைன்னாலும் நான் சொல்லலை.

சாஃப்ட்வேருக்கு வருவோம். அந்த பெல்ஜியம்காரன் எஃப்எல் ஸ்டூடியோ, இலவச டிரையல்ல வெச்சிருக்கே இல்ல? பாட்டை சேவ் பண்ணலாம், மூடிட்டா மறுபடி திறக்க முடியாது. உண்டியல் மாதிரி. போட்டது போட்டதுதான். காசு குடுத்து வாங்கினா நல்ல சாமான், ஆயுசுக்கும் அப்டேட் இலவசம்னு சொல்றான். ரீப்பர்னு ஒண்ணு, அந்தக் காலத்துல பாட்டு கேட்க வின்ஆம்ப் எழுதின ஜஸ்டின் ஃபிராங்கல் ஆரம்பிச்சது. 60 நாளு முழுசா பொழங்கிப் பார்க்கலாம், தனி ஆளுக்கு 60 டாலர். கையில காசில்லையா, எல்எம்எம்எஸ் இருக்கு, சுத்தமா இலவசம். கட்டம் கட்டமாத் தாளம் அடுக்கலாம். அதுல குரல் பதிய வராது, அதுக்கு ஆடாசிட்டி இருக்கு, அதுவும் இலவசம். ஆக, தரித்திரத்தைச் சாக்கு சொல்லவும் வழியில்லை, பாவம் நீ.

கிராக் பண்ணினது ஒண்ணு ஃப்ரெண்டு குடுத்தானா? திருட்டு மாங்கா ருசிதான். புழு எந்தப் பக்கம்னு கடிச்ச பிறகுதான் தெரியும்.

இதுல எது ஒசத்தின்னு என்னைக் கேட்டா, எதுல போன மாசம் ஒரு பாட்டு முடிச்சியோ அதுதான். எதுலயும் முடிக்கலையா? அப்போ கண்ணை மூடிட்டு ஒண்ணைத் தொடு. ஒரு வருசம் அதை விட்டு எழுந்திரிக்காதே. மத்த ஆறையும் அழிச்சிடு. அழுகை வந்தா என்னைக் கூப்பிடு, கூட உட்கார்ந்து அழுவுறேன்.

ரகுமான் ஸ்டூடியோ மாதிரி வெக்கணும்னு சுவத்துல படம் ஒட்டியிருக்கே. நல்லது. அவங்க அப்பா சேகர் போன பிறகு, வூட்டுல இருந்த வாத்தியத்தை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் ஓடுச்சு. பெட்டி அங்க சோறு போட்டுச்சு. பதினோரு வயசுலேயே கீபோர்டு தூக்கிட்டு வாசிக்கக் கிளம்பின பிள்ளை, பின்கட்டுல ஸ்டூடியோ கட்டினது 1989ல, ரோஜா வந்தது 1992ல. நீ முதல்ல ஸ்டூடியோவைக் கட்டிட்டே. மீதி எல்லாம் வரிசையா பின்னாடி வரும்னு காத்துட்டு இருக்கே. நம்ம பட்டாபிராமுல 21 மாடிக்கு டைடல் பார்க்கே வந்தாச்சு, உன் பாட்டு வராதா?

அதுக்கு இன்னா பேரு சொன்னே, கட்டம் கட்டமா லைட் எரியுதே? ஸ்டெப் சீக்வென்சரா? பதினாறு கட்டம், எரிஞ்ச கட்டத்துல அடி விழும். ம். இதை நான் எங்கியோ பார்த்திருக்கேனே. நம்ம பிள்ளையார் கோயில் மோட்டார் மேளம்! மோட்டார் சுத்தும், வார் இழுக்கும், ஷாஃப்ட்டு உருளும். ஷாஃப்ட்டுல முளை எங்க இருக்கோ அங்க குச்சி எழும்பி விழும். மேளத்துக்குத் தனி முளை, மணிக்குத் தனி முளை. உன்னோடது லைட்டு, நம்மோடது இரும்பு. ஏழு சாஃப்ட்வேருக்கு முன்னாடியே பிள்ளையாருகிட்ட ஒண்ணு இருக்கு பாரு.

இருந்துச்சு. பத்து நாளா ஊமையாக் கிடக்கு. தீபாராதனைக்கு ஆளுங்க கையால மணி ஆட்டுறாங்க. கமிட்டியில ஒருத்தன், போன்ல மேளத்தைப் போட்டு மைக்கு முன்னாடி வெச்சிடலாம்னான். நடுவுல விளம்பரம் வந்தா பிள்ளையார் இன்னா வாங்குவாருன்னு கேட்டேன். அப்புறம் வாய் தவறி, நம்ம தெருவுல ஒரு மியூசிக் இன்ஜினியரு இருக்கான், அவன் பார்த்துக்குவான்னு சொல்லிட்டேன். உங்கம்மா பக்கத்துலதான் இருந்தா. ரொம்ப சந்தோஷப்பட்டா.

இதோ, மடியிலயே வெச்சிருக்கேன் பாரு, அறுந்து போன வார். அளவுக்கு இது போதும். இதை எடுத்துட்டு வர்றதுக்குத்தான் மாடி ஏறினேன்னு நினைச்சிடாதே. உன்னைப் பார்க்கத்தான் வந்தேன்.

ஆர்டினோ, சென்சார்னு ஒண்ணும் கொண்டாராதே. ஒரு ஸ்க்ரூ டிரைவர், கொஞ்சம் கிரீஸ். மோட்டார் பிளக்கைப் பிடுங்கிட்டு வாரை மாத்து, ஷாஃப்ட்டைத் துடை. சாயங்காலம் ஓடும்போது போன்ல பதிஞ்சுக்கோ, ஆடாசிட்டியில வெட்டி உன் பாட்டுக்கு அடியில போடு. சுண்டல் என் கணக்கு.

ஆனா ஒண்ணு. அதுல மேளத்து மூணாவது முளை தேஞ்சு போயிருக்கும். அடி கொஞ்சம் நொண்டிட்டு, லேட்டா, மெதுவா விழும். கையில ஸ்க்ரூ டிரைவர் இருக்குன்னு அதைச் சரி பண்ணித் தொலைக்காதே. இந்தத் தெருவுல முப்பது வருசமா அந்த நொண்டி அடி விழும்போதுதான் எல்லாரும் கன்னத்துல போட்டுக்கிறாங்க.