மதுரை வட்டாரப் பரண்களில் எரியாத டார்ச் லைட்டுகளின் நீடிப்பு: ஓர் ஆய்வு

வீடு மாறும்போதும், வெள்ளையடிக்கும்போதும், போகிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையும் மதுரை வீடுகளில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: பரணில் கிடக்கும் பித்தளை டார்ச்சை வைத்திருப்பதா, போடுவதா? பெரியாற்றுத் தண்ணீர்ச் சிக்கலைத் தீர்க்க இரண்டு அரசுகளும் ஓர் உச்ச நீதிமன்றமும் இருக்கின்றன. டார்ச்சுக்கு நாதியில்லை. அக்குறையைப் போக்க முயல்கிறது இக்கட்டுரை. ஆய்வெல்லை: வடகிழக்கே மேலூர், மேற்கே உசிலம்பட்டி, தெற்கே திருமங்கலம். அதைத் தாண்டி ஆய்வாளருக்குச் சொந்தக்காரர்கள் இல்லை.

ஆய்வுப் பொருளை முதலில் கையில் எடுத்துப் பார்ப்போம். நிக்கல் முலாம் பூசிய பித்தளைக் குழாய், பிடி வழுக்காமலிருக்க உடம்பெல்லாம் வரிப்பள்ளம், தள்ளும் சுவிட்சு, அதையொட்டிச் சின்னதாக ஒரு பொத்தான், ஆணியில் மாட்ட அடிமூடியில் ஒரு வளையம். பெருவிரல் பட்டுப்பட்டு அந்த இடத்தில் மட்டும் முலாம் போய் மஞ்சள் தெரியும். குலத்தால் பெரும்பாலும் எவரெடி, சிறுபான்மை ஜீப். பேட்டரிக் கட்டைக்கு 1.5 வோல்ட் வீதம் வீட்டு உபயோகத்துக்கு இரண்டு கட்டை, வயல் உள்ளவர்களுக்கு மூன்று. ராத்திரியில் முறைத்தண்ணி வந்து மடை திருப்பப் போகிறவர், பாம்பு தன்னைப் பார்ப்பதற்கு முன் தான் பாம்பைப் பார்த்தாக வேண்டும். எனவே டார்ச்சின் நீளம் நஞ்சையின் பரப்புக்கு நேர்விகிதத்தில் இருந்தது என்பது இவ்வாய்வின் முதல் விதி.

1899-இல் அமெரிக்காவில் டேவிட் மிசெல் காப்புரிமை பெற்ற ஆதி டார்ச்சின் குழாய் காகிதத்தால் ஆனது. அப்படியே விட்டிருந்தால் போகியன்று கொளுத்திவிட்டுப் போயிருக்கலாம்; இக்கட்டுரைக்கும் வேலை இருந்திருக்காது.

வைத்திருக்கச் சொல்வோர் இரு பள்ளியினர். முதற்பள்ளி, 'அவசரத்துக்கு ஆகும்' என்பது. இக்கொள்கைக்கு 2012-இல் பொதுத்தேர்வு நடந்தது. சென்னைக்கு வெளியே மின்வெட்டு பகலிலும் இரவிலும் மாறிமாறி வந்து நாளில் பாதியைத் தின்ற காலம் அது. மதுரைக்காரர்கள் டவுன்ஹால் ரோட்டுக்குப் போய் சார்ஜ் லைட் வாங்கி வந்தார்கள். பரண் டார்ச் பரணிலேயே இருந்தது. 2018 பிப்ரவரியில் மதுரையில் தொடங்கிய கட்சிக்கு அடுத்த ஆண்டே டார்ச் லைட் சின்னம் கிடைத்தபோதும் அது இறங்கி வரவில்லை. இதைவிடப் பெரிய அவசரம் அதற்கு இனி வருமா என்பது ஐயமே.

இரண்டாவது, நினைவுப் பள்ளி. அதன் தலைமைப் பேராசிரியர்கள் அப்பத்தாக்கள். "ஒங்க தாத்தா தண்ணி பாயிச்ச எடுத்துட்டுப் போன லைட்டுடா. கெடந்துட்டுப் போகுது, ஒங்கிட்ட சோறா கேக்குது?" இதற்கு மறுமொழி எந்த நூலிலும் இல்லை. ஆயினும் ஆய்வு முறைப்படி ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: தாத்தாவிடம் இருந்தது இது ஒன்றுதானா? இல்லை. நன்றாக எரிந்ததை மச்சினன் திருவிழாவுக்கு வாங்கிப் போனார். அடுத்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் கிடையாட்டுக்குக் காவல் போகக் கேட்டார். எரிகிற டார்ச் இரவல் போகும்; இரவல் போனது திரும்பாது. எரியாததே வீட்டில் தங்கும். தாத்தா அதிகம் கையில் பிடித்தது ஒன்று, அப்பத்தா கண்கலங்கிக் காட்டுவது மற்றொன்று. இதை அவரிடம் சொல்லிச் சரிபார்க்கும் துணிவு ஆய்வாளருக்கு இல்லை.

மதுரைக்கு இதில் முன்னுதாரணமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பழைய கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை அகலப்படுத்தினார் கலெக்டர் பிளாக்பர்ன். வேண்டாததை அப்புறப்படுத்திய அந்த மனிதருக்கு நன்றியாக ஊர் ஒரு விளக்கை நட்டது. கோட்டைச் சுவர் போயிற்று, விளக்குத்தூண் நிற்கிறது. அதன் வெளிச்சத்தை நம்பி அங்கே இன்று யாரும் ஜவுளி எடுப்பதில்லை.

இனி, போடச் சொல்வோர் கட்சி. இவர்களது நம்பிக்கை பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் தருகிறவர் மேல். தெருவில் குரல் கேட்டதும் டார்ச்சோடு ஓடுகிறார்கள். அவர் வாங்கிக் குலுக்கிப் பார்க்கிறார். "அண்ணே, மூடியத் தொறந்து கட்டைய எடுத்துட்டுக் குடுங்க. உள்ள இருக்குறதுக்கெல்லாம் பித்தளை வெல போட முடியாது."

மூடி திறப்பதில்லை. இவ்விடத்தில்தான் ஆய்வு திரும்புகிறது. கட்டையின் துத்தநாகக் கூடுதான் மின்சாரம் தருவதற்காகக் கரைவது. விட்டுவைத்தால் கூடு ஓட்டையாகி, உள்ளேயிருக்கும் நவச்சாரப் பசை வெளியே கசியும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் துலக்க எடுக்கிற அதே நவச்சாரம்தான். இங்கே துலக்காமல் மரையைக் கடித்துப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து இறுகிவிடுகிறது. கட்டையும் உப்பிக் குழாயோடு ஒட்டிக்கொள்கிறது. பல மாடல்களில் மாற்று பல்பு அந்த அடிமூடிக்குள்தான் இருக்கிறது என்பது கூடுதல் கொடுமை. ஆக, மூன்று தலைமுறையாக உணர்ச்சிப் பிணைப்பு என்று கருதப்பட்டு வந்தது உண்மையில் வேதிப்பிணைப்பு. யாரும் டார்ச்சை வைத்திருக்கவில்லை; விற்க முடியாமல் திரும்பப் பரணில் ஏற்றியிருக்கிறார்கள்.

இம்முடிவுக்கு ஒரே ஒரு தடை. பித்தளையில் பூத்த பச்சையைப் புளி இளக்கும். அடிமூடியைப் புளித்தண்ணியில் ராத்திரி ஊறவைத்து, காலையில் துணி சுற்றித் திருகினால் பெரும்பாலும் அசைந்துகொடுக்கும். ஆய்வெல்லைக்குள் இது தெரியாத பெண்கள் இல்லை. புளி இல்லாத அடுப்படியும் இல்லை. ஆனால் டார்ச்சைப் புளியில் போட்ட வீடு ஒன்றுகூட இதுவரை அகப்படவில்லை.